மாமாவின் திதியில் பிசகிய அரை மணி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். கொப்பியை எடுப்பேன், மேலே 'முருகா' என்று எழுதுவேன், பிறகு பார்க்கலாம் என்று மூடிவிடுவேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோன ஆள் நான், எழுத வராது என்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். இப்போது வெட்கப்படவும் அலுப்பாக இருக்கிறது.

அப்போது ஹட்டன் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தேன். கடிதம் டைப் அடிப்பது, கல்யாண அட்டை, போட்டோகொப்பி. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் விசுவல் பேசிக் என்ற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொண்டேன். காலையில் கடை திறந்ததும் மொனிட்டருக்கு விபூதி வைத்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவேன். வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று.

என் மனைவி அவள் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. அதனால் மாமாவின் வருஷத் திதி எங்கள் வீட்டில்தான். மாமா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், குடியும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலக் காலையில் தோட்டத்து டிஸ்பென்சரியில் கண்ணை மூடினார். அங்கே கொடுத்த துண்டுச் சீட்டில் நேரம் ஆறு பத்து என்று இருந்தது. கோயில் பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டி, வளர்பிறைத் தசமி என்றார். அவர் இருந்தவரை வருடா வருடம் தேதி பார்த்துச் சொல்வார், நாங்களும் தசமியில் இலை போட்டோம்.

பூசாரி காலமான பிறகு கேட்க ஆள் இல்லை. நானே ஒரு புரோகிராம் செய்தால் என்ன என்று தோன்றியது. செத்த நாளையும் மணியையும் கொடுத்தால் திதியைச் சொல்ல வேண்டும். சந்திரன் கணக்குப் போட எனக்கு எங்கே தெரியும்? இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, யாரும் எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரியாக இலவசமாக வைத்திருந்தார். ஆனால் நான் எழுதுவது விசுவல் பேசிக். ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குள் உயிர் வாழ்வது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. இரண்டு மாதம் அலைந்து ஒரு வழி கண்டேன். திரையில் வரும் என் போர்முக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்னப் பிரவுசரை ஒளித்துவைத்து, அதில் ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தில் லைப்ரரியை ஏற்றினேன். வெளியிலிருந்து நாளையும் மணியையும் எழுத்தாகக் கொடுத்துக் கூப்பிட்டால் உள்ளிருந்து பதில் வந்தது. முதல் பதில் வந்தபோது கைகூப்பிவிட்டேன்.

மாமாவின் ஆறு பத்தைக் கொடுத்தேன். ஏகாதசி என்றது.

வீட்டில் சொன்னதும் அவள் அடுப்படியில் இருந்து எழுந்து வந்தாள்.

"என்னாங்க சொல்றீங்க? அப்பா ஏகாதசியிலயா போனாரு? அப்ப பூசாரி ஐயா தசமின்னு சொன்னது?"

"அவரு விரல மடக்கி எண்ணிச் சொன்னது. இது கம்ப்யூட்டர்" என்றேன். அந்த வாயை அன்றே தைத்திருக்க வேண்டும்.

ஏகாதசியில் போகிற உயிர் நல்ல கதி அடையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சாமி கும்பிடாமல் போனாரே, எங்கே கிடந்து அல்லாடுகிறாரோ என்று அத்தனை வருடமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தவள் அன்றுதான் வாய்விட்டு அழுதாள். லயம் முழுக்கப் போய்ச் சொன்னாள். ஏகாதசி விரதமும் பிடிக்கத் தொடங்கினாள். அந்த வருடம் ஏகாதசியில் இலை போட்டோம். புரோகிராமைக் கேட்டு வந்தவர்களுக்குத் திதியைத் துண்டில் அச்சடித்துக் கொடுத்தேன். மஸ்கெலியா, நுவரெலியா கடைக்காரர்கள் சீடியில் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் கடைக்கு நல்ல இன்டர்நெட் லைன் வந்தது. இடத்தையும் நாளையும் கேட்டு அனுப்பினால், அன்றைக்கு அங்கே கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட எத்தனை மணி முன்னால் ஓடியது என்று சொல்லும் ஒரு வெப் சேவை இருந்தது. புரோகிராமுக்கு அழகாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்தேன். மாமா செத்த நாளைக்கு அது ஆறு மணி நேரம் என்றது. லைப்ரரி ஐந்தரையில் கணக்குப் போட்டிருந்தது. எங்கேயோ வெள்ளைக்காரன் வைத்திருக்கிற சேவை, அவனுக்கு இலங்கையைப் பற்றி என்ன தெரியும் என்று திட்டினேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கோயில் கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கரண்டை மிச்சப்படுத்த நாட்டில் மணியை முன்னால் தள்ளினார்களே, அப்போது பூசாரி மட்டும் முள்ளைத் தொடவில்லை. "அரசாங்கம் சொன்னா சந்திரன் கேக்குமாடா?" என்பார். பத்து வருடம் கோயிலில் பழைய நேரம், டிஸ்பென்சரியில் புது நேரம். அரை மணி வித்தியாசம். பிறகு நாடே பழைய நேரத்துக்குத் திரும்பியது. என் கம்ப்யூட்டரும் அதற்கே மாறியிருந்தது. லைப்ரரி அதைப் பார்த்து, அந்தப் பத்து வருடத்துக்கும் இன்றைய நேரத்தையே போட்டுவிட்டது. ஆறு பத்து என்று கொடுத்தேனே தவிர எந்த ஆறு பத்து என்று நான் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை. பழைய நேரத்தில் மாமா போனது ஐந்து நாற்பது. தசமி முடியக் கால் மணி பாக்கி. பூசாரி அந்த அரை மணியைக் கழித்துத்தான் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார், அவர் சொன்னதுதான் சரி.

புரோகிராமை அன்றே திருத்தினேன். அவளிடம் சொல்லவில்லை. திதி வந்தது, தசமியைப் பேசாமல் போகவிட்டேன், ஏகாதசியில் தெரிந்தே இலை போட்டேன். அவள் நிம்மதிக்காகத்தான் என்று முருகனிடம் சமாதானம் சொன்னேன். அதன் பிறகு ஒரு வருடம் விபூதி வைக்கக் கை எழவில்லை.

அதற்கடுத்த திதிக்கு முதல் நாள், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"ஒரு வருஷம்."

"தெரிஞ்சுதான் போன தடவ உக்காந்து பிண்டம் வச்சீங்களா?"

"ஆமா."

அரிசியை இன்னொரு தடவை அலசினாள். பிறகு தண்ணீரை வடித்துக்கொண்டே, "காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுக்கு என்னைக்கும் லேட்டு. சாகுறதுக்கு மட்டும் அரை மணி முந்திக்கிட்டாரு எங்கப்பா" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுபோனது. "நாளைக்குத்தானே தசமி? எல அறுத்துட்டு வாங்க."

லயத்தில் வீடு வீடாக அவளே போய்த் திருத்திச் சொன்னாள். ஏகாதசி விரதத்தை விடவில்லை. அது சாமிக்குப் பிடிக்கிறது என்றாள். ஆனால் அப்பா நல்ல இடத்தில் இருக்கிறார் என்று அதற்குப் பிறகு அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தவனும் நான், பிடுங்கியவனும் நான்.

எனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டேன். சீடியில் போனவை எங்கே எங்கே இருக்கின்றனவோ தெரியாது. தேடி அலைய எனக்கும் இனித் தெம்பில்லை. நாட்டில் மணி மாறியிருந்த அந்தப் பத்து வருடத்தில் செத்தவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கடைகளில் கம்ப்யூட்டர் துண்டு வாங்கியவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதைக் கொடுங்கள். ஏகாதசியைக் கேட்டு அவள் அழுததையும், தெரிந்தே நான் பிண்டம் வைத்ததையும் எனக்காக இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். அரை மணியைக் கூட்டாமல் குறைக்காமல், எழுதியபடியே கொடுங்கள்.