கடைசியில் நடப்பவள்

எல்லாரும் நடக்கத் தொடங்கிய பிறகும் குமுதா அசைய மாட்டாள். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுவாள். அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீரைத் தெளித்துக்கொள்வாள். யாரோ மரத்தடியில் மறந்துபோன தொப்பியை எடுத்துத் தன் பையில் திணிப்பாள். "ஆமை அக்கா, வாங்கலா!" என்று முன்னால் போகும் இளவட்டங்கள் கத்தும். "நீங்க போங்கடா, நான் கடைசியிலதான் வருவேன்" என்பாள்.

சிலிபினில் வீடு, கையுறைத் தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை. பெர்னார்ட் நடத்தும் மலையேறும் குழுவில் இவள்தான் 'ஸ்வீப்பர்', அதாவது யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். வாய் கொஞ்சம் நீளம். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறவர்களைத் திட்டித் திட்டியே உச்சிக்கு ஏற்றிவிடுவாள்.

இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் இதே மலைதான். இரண்டு வருடங்களுக்கு முன் கணவன் தனேஸ்வரனோடு வந்தாள். உச்சியிலிருந்து நீர்வீழ்ச்சிக்கு இறங்கும்போது அவன் சப்பாத்து நாடாவைக் கட்ட நின்றான். பின்னால் வருகிறவர்களோடு வந்துவிடுவான் என்று இவள் நினைத்தாள். பொண்டாட்டியோடு முன்னால் போயிருப்பான் என்று அவர்கள் நினைத்தார்கள். பாறையில் உட்கார்ந்து நாசி லெமாக்கைப் பாதி தின்ற பிறகுதான் ஆளே இல்லை என்று தெரிந்தது. பாவி, எப்படித்தான் அந்தச் சோறு தொண்டையில் இறங்கியதோ! தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர்கள் நாயோடு வந்து தேடினார்கள். ஒரு கந்தல் துணிகூடக் கிடைக்கவில்லை.

கிடைக்காதவனுக்குக் கருமாதி என்ன வேண்டிக்கிடக்கிறது? சுங்காயில் இருக்கும் மாமியார் ராக்காயி பேச்சை எடுத்தாலே போதும். "உங்க மவன் வருவாரு, சும்மா இருங்க அத்தை" என்று வாயை அடைத்துவிடுவாள்.

இந்தப் பங்குனி ஞாயிறன்று அதே மலைக்குக் கொழுந்தன் கனகராஜும் கூட வந்திருந்தான். அடிவாரத்துப் பழைய ரப்பர் மரங்கள் இலை கொட்டிப் புதிதாய்த் துளிர்த்திருந்தன. வானம் என்னவோ விடிந்ததிலிருந்து மூடியே கிடந்தது. லாரி ஓட்டிப் பருத்த உடம்பு அவனுக்கு. மூச்சு வாங்க உச்சி வரைக்கும் ஏறினான். நீர்வீழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டான்.

"அண்ணி, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிரலாம்லா."

"நீ பொணத்தைப் பாத்தியா? பாக்கல இல்ல? அப்புறம் என்ன பேச்சு?"

மற்ற நாளாயிருந்தால் அதோடு எழுந்து போயிருப்பான்.

"அம்மா இன்னும் அழுவல அண்ணி. அழுவ வந்தா வாயில சேலையைத் திணிச்சிக்குது. அழுதா மவன் செத்துட்டான்னு ஆயிரும், குமுதா கோவிச்சிக்கும்னு சொல்லுது. வீட்ல நாங்க யாருமே இன்னும் அழுவல."

தனேஸ்வரனைத் தொலைத்தவள் தான் ஒருத்திதான் என்றே குமுதா இத்தனை நாளும் இருந்துவிட்டாள். பெற்றவளை அழக்கூட விடாமல் வைத்திருந்திருக்கிறாளே! "மழை வருது, எறங்கு" என்றாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே ஓடையில் தண்ணீர் கலங்கி ஏறத் தொடங்கியிருந்தது. இரு கரை மரங்களிலும் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராக அக்கரை போனார்கள். கனகராஜும் போய்ச் சேர்ந்தான். இக்கரையில் குமுதா மட்டும் நின்றாள். அக்கரையிலிருந்து பெர்னார்ட் வாக்கி-டாக்கியில் கேட்டார்.

"குமுதா, பின்னால இன்னும் யாராச்சும் இருக்காங்களா? இல்லன்னா கயித்த அவுத்துப் புடிச்சிக்க, நாங்க இழுக்குறோம்."

அவள் உச்சிப் பாதையைப் பார்த்தாள். மழையில் அது சரியாகத் தெரியவில்லை. பெர்னார்ட் இன்னொரு முறை கேட்டார்.

"யாரும் இல்லண்ணே."

அக்கரையில் அதைக் கேட்ட கனகராஜ் அப்படியே சேற்றில் உட்கார்ந்து, "அண்ணே! அண்ணே!" என்று வாய்விட்டுக் கதறினான். குமுதா அவனை அடக்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த ஈர முடிச்சு கைக்கு அவிழாமல் போக, குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.