புதுநன்மை கவுன்

நானும் என் சிநேகிதிகள் இருவரும் தர்மபுரியில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர்கள் இருவருக்கும் துணி எடுப்பதென்றால் நான் கூடப் போக வேண்டும். எந்த நிறம் யாருக்கு எடுப்பாக இருக்கும் என்று நான் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

சில வருடங்கள் கழித்து இருவரும் சேர்ந்து தர்மபுரியிலேயே, பெண்களுக்குத் துணி தைத்து விற்கும் பொட்டிக் திறக்கப்போவதாகச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போதுதான் பள்ளிக்கூட வேலை கிடைத்திருந்தது. “நல்ல துணின்னா எல்லாரும் சேலத்துக்கு பஸ் ஏறுறாங்க. உங்க கடைக்கு யாருடி வருவாங்க?” என்று சிரித்தேன்.

வந்தார்கள். கடத்தூரிலிருந்தும் மாரண்டஹள்ளியிலிருந்தும் கல்யாணப் பெண்கள் அவர்கள் கடையின் மாடிப்படி ஏறினார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஒருத்தி டேப் பிடிப்பாள், கேட்காமலே மற்றவள் அளவு எழுதுவாள். எனக்குப் புரியாத எதையோ நினைத்து இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம், என்ன பாக்கறீங்க?” என்பார்கள். விளையாட்டுக்குத்தான். எனக்குத்தான் வயிறு எரியும். ஏதாவது ஒரு சுடிதாரைத் தொட்டு, தையல் சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

அண்ணன் மகளுக்குப் புதுநன்மை வந்தது. எங்கள் மாதா கோயிலில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் போடுவோம். அண்ணி அந்தக் கடையில் தைக்கக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டாள்.

“வேணாங்க அண்ணி. சொன்ன நாளைக்குத் தர மாட்டாங்க” என்றேன்.

பொய். அவர்கள் ஒருநாளும் தேதி தவறியதில்லை. அண்ணி என்னை நம்பி, சேலத்தில் ரெடிமேட் கவுன் வாங்கி வந்தாள்.

பூசைக்கு முந்தின நாள் காலை போட்டுப் பார்த்தபோது முதுகு ஜிப் பிளந்துகொண்டது. அண்ணி பதறிப்போய், என்னிடம்கூடச் சொல்லாமல், காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி நேராக அந்தக் கடைக்கே போய்விட்டாள். இருவரும் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்து, ஜிப்பை மாற்றி, பழைய தையல் தெரியாதபடி லேஸ் வைத்து மதியத்துக்குள் கொடுத்துவிட்டார்கள். அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நேரத்துக்குத் தர மாட்டீங்கன்னு உங்க சிநேகிதி சொன்னாளே!” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடமும் அதையே சொன்னாள்.

மறுநாள் கோயிலுக்கு இருவரும் வந்திருந்தார்கள். அளவு எழுதுகிறவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பூசை முடிந்ததும் டேப் பிடிக்கிறவள் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

“ஏண்டி அப்படிச் சொன்ன?”

“பொறாமைடி” என்றேன்.

“எங்க மேல என்னாடி பொறாமை? உனக்குத்தான் வேலை இருக்குது.”

“நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க.”

“உனக்கும் ஒரு சேர் போட்டுத்தான் வெச்சிருந்தோம். நீ ஒரு நாளாச்சும் வந்து உக்காந்தியா? வருவ, நின்னுக்கிட்டே குத்தம் சொல்லுவ, போயிருவ.”

அந்த நாற்காலியை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கைக்காரர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் போய் உட்காருகிறேன். டேப் பிடிக்கிறவள் டீ வரவழைக்கிறாள். அளவு எழுதுகிறவள் ஆறு மாதம் கழித்து, “கத்திரிக்கோல எடு” என்று மட்டும் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் ஒரு மஞ்சள் பட்டுக்கு என்ன பார்டர் வைக்கலாம் என்று டேப் பிடிக்கிறவள் என்னைக் கேட்டாள். அரக்கு என்றேன். அளவு எழுதுகிறவளோ நிமிர்ந்து பார்க்காமலே பச்சை என்றாள். பச்சையைத்தான் வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு ஆறவே இல்லை.