மிச்ச நாற்று

கோட்டுச்சேரியில் பஸ்ஸுக்கு நின்றபோது நாற்றுமுடிக் கட்டுகள் ஏற்றிய வண்டி போனது. ஈரச் சேற்று வாசனையில், நான் எண்ணிக்கொண்டிருந்த முடிக் கணக்கு விட்டுப்போயிற்று.

எழுபதுகளில் ஒரு மழையில் சுரக்குடியில் எங்கள் நாற்றங்கால் அழுகிவிட்டது. நடவு நின்றால் அந்த வருஷம் வீட்டில் நெல் இல்லை. அப்பா யாரிடமும் நாற்றுக் கேட்கவில்லை.

பக்கத்து வயல் ராமு மாமா வந்து எங்கள் வரப்பில் முடிகளை இறக்கினார்.

“மிச்சங்க. எடுத்து நடுங்க.”

“நெசமாவே மிச்சமா?” அப்பா கேட்டார்.

“பின்ன, உங்களுக்குன்னா வெதச்சேன்?”

நான் எண்ணினேன், எண்பத்து நான்கு. எங்கள் வயல் நிறைந்தது.

மறுநாள் பார்த்தேன். மாமாவின் வயலில் கால்வாசி நடாமல் கிடந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

“நானும் பாத்தேன். மாமாகிட்ட கேட்டு வைக்காத. மிச்சம்னு சொன்னாருல்ல, மிச்சந்தான்.”