மொட்டைச் சீசாவின் ருசி

அந்தச் சீசாவை எங்கள் வீட்டுக்காரர் வில்வண்டியிலிருந்து இறக்கிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பிறந்து மூன்று மாதமான சொந்த மகளை அவர் அப்படித் தூக்கியதில்லை. தோள் துண்டைக் கழற்றி அதில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, படியில் கால் தடுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். சேலத்தில் ரயில்வே எஞ்சினியராக இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்புகிறார், பங்களாச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் பார்க்கப் போன மனிதர். எஞ்சின் வரவில்லை, சீசா வந்தது. கரும்பச்சைக் கண்ணாடி, அடியில் உள்வாங்கிய குழி, வயிற்றில் அகலமான லேபிள். லேபிளில் கோபுரம் வைத்த ஒரு கோட்டை, அதைச் சுற்றித் திராட்சைக் கொடி, கீழே தங்க எழுத்து. நான் தமிழ் படித்ததே ஐந்தாம் வகுப்பு வரைதான். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அது ஒரு குறையாகவே அவருக்குப் படவில்லை.

சீசா எதற்கு வந்தது என்று சொல்ல வேண்டும். தலைப்பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்த துணி மாதிரி இருக்கும். நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஈரல், கீரை, கேழ்வரகு என்றெல்லாம் சொல்லி, கடைசியில் இரண்டு வேளையும் ஓர் அவுன்ஸ் சிவப்பு ஒயின் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அது மருந்து. "சாராயமா?" என்று என் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கம்பவுண்டர், "சாராயமில்லீங்கம்மா, திராட்சைச் சாறு ஊறுனது" என்று சமாதானம் சொல்லி, பெரிய ஜாடியிலிருந்து ஒரு மருந்துச் சீசாவில் ஊற்றித் தந்தார். அதில் பெயரில்லை, படமில்லை. அளவு தெரிய ஓரத்தில் வெட்டு வெட்டாக நறுக்கி ஒட்டிய காகிதம் மட்டும். மொட்டைச் சீசா என்று வீட்டில் அதற்குப் பெயர் வந்தது. முதல் வாய் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. பத்தாம் நாள் சுவரைப் பிடிக்காமல் கிணற்றடி வரை போய் வந்தேன்.

தேறிக்கொண்டிருந்தவளை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த மொட்டைச் சீசா அவமானமாக இருந்தது. "கம்பவுண்டர் ஜாடியில மோந்து குடுத்ததையா என்ற ஊட்ல குடிக்கறது? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?" என்பார். இதைச் சொன்னவர் யாரென்று தெரிந்தால்தான் என் எரிச்சல் புரியும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து வெல்ல மண்டிகளில் அவர் நாக்குக்கு அப்படி ஒரு மதிப்பு. ஒரு கிள்ளு வெல்லத்தை வாயில் போட்டு, இது கிணற்றுப் பாய்ச்சல் கரும்பு, இது ஏரித் தண்ணீர், இதில் சுண்ணாம்பு கூடிவிட்டது, இது பாகு முற்றி அடிபிடித்தது என்று சொல்லிவிடுவார். வெண்ணந்தூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போவார்கள். வீட்டில் குழம்பில் அரைக்கல் உப்புக் கூடினாலும் தட்டைத் தள்ளி வைப்பார். அப்பேர்ப்பட்டவர், வாயில் ஒரு சொட்டு வைக்காமல், கோட்டைப் படத்தைப் பார்த்து ஒரு சீசாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வாயில் வைத்துப் பார்க்கவும் அவரால் முடியாது. அவருடைய தகப்பனார் குடித்துக் கெட்டவர். அதனால் பதினெட்டு வயதில் பழநி மலையில் நின்று, ஆயுசுக்கும் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டவர். முகர்ந்து பாருங்கள் என்றால் அதற்கும் மாட்டார். நாக்கு உள்ளவருக்கு விரதம். விரதமில்லாத எனக்கு நாக்கு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

தக்கையைத் திறக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. கோணி தைக்கிற ஊசியால் குத்தி நெம்பினார். தக்கை மாவாகி உள்ளே விழுந்தது. மாமியார் வேட்டித் துணியில் வடிகட்டி அவுன்ஸ் கிளாஸில் ஊற்றித் தந்தார். எங்கள் வீட்டுக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மொட்டைச் சீசாவில் இருந்தது ரத்தச் சிவப்பு. இது செங்கல் கரைத்த நிறம். மூக்கருகே கொண்டுபோனதும், மழையில் நனைந்து மூலையில் கிடந்த கடலைக்காய்ச் சாக்கின் வீச்சம். வாயில் வைத்தால் நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று காடிப் புளிப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை, தண்ணீர். விழுங்கிய பிறகும் அந்தச் சாக்கு மட்டும் தொண்டையில் நின்றது.

மாமியார் இருக்கும்போது புருஷனிடம் நேராகப் பேசமாட்டோம். சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொன்னால் அவர் மகனிடம் சொல்வார். பதிலும் அதே வழியில் வரும். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றாலும் அப்படித்தான். நான் மெதுவாக, "நனைஞ்ச சாக்கு நாத்தம் அடிக்குதுங்கத்தே. காடியாட்டப் புளிக்குது. இது கெட்டுப்போச்சுங்க" என்றேன். மாமியார் திரும்பி, "அவளுக்குப் புடிக்கலயாமா" என்றார். நான் பார்த்த நிறம், வாசம், புளிப்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

"புடிக்கறதுக்கு இதென்ன பணியாரமா? பிரெஞ்சுக்காரன் சரக்கு, ராசாமாரு குடிக்கறது. நாலு நாள் போனாப் பழகிக்கும்னு சொல்லும்மா" என்றார் அவர்.

"பழகிக்குமாமா" என்றார் மாமியார் என்னிடம், எனக்குக் காது கேட்காதது போல.

நாலு நாள் குடித்தேன். நாலு நாளும் வாந்தி. யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடலாம் என்றால், கிளாஸ் காலியாகும் வரை மாமியார் எதிரே உட்கார்ந்திருப்பார். கேழ்வரகுக் கூழ்கூட வயிற்றில் தங்கவில்லை. பால் வற்றத் தொடங்கியது. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழும். "ஒசத்தியான சரக்கு, இவ ஒடம்பு தாங்கல" என்று அதற்கும் என் உடம்பின் மேல்தான் பழி. ஐந்தாம் நாள், புதன்கிழமை விடிந்ததும், மாமியார் ஒரு முடிவு சொன்னார். ஓமலூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. பால் நிறைய இருக்கிறது. வெள்ளிக்கிழமை வண்டியில் என் மகளை அங்கே கொண்டுபோய் விடுவது, நான் தேறிய பிறகு அழைத்துக்கொள்வது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, குழந்தை பிழைக்க வேண்டுமே. ஆனால் அப்படிக் கொடுத்த குழந்தை திரும்பி வரும்போது யாரை அம்மா என்று தேடி அழும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு வீடு இருந்தது. ஒரு சீசாவை ஓரமாக வைத்தால் தீர்ந்துபோகிற காரியம். அதற்கு யாராவது அதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வைத்துப் பார்த்தவள் சொல்வதைக் கேட்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மண்டியிலிருந்து வந்தவர், சோற்றில் கை வைக்கும்போதே குஷியாக இருந்தார். யாரோ ஒரு பெரிய வியாபாரி, சாக்கின் மேல் நீல மையில் யானை மார்க்கா அடித்து வெல்லம் இறக்கினாராம். எல்லோரும் மார்க்காவைப் பார்த்துத் தலையாட்டினார்களாம். இவர் ஒருத்தர்தான் மூட்டையின் அடியில் கைவிட்டு ஓர் உருண்டையை எடுத்து உடைத்து வாயில் போட்டு, உப்புத் தண்ணீர் வெல்லம் என்று சொல்லி மொத்தத்தையும் திருப்பி அனுப்ப வைத்தாராம். "மார்க்காவ நக்குனா இனிக்குமாம்மா? வெல்லத்தையல்ல நக்கோணும்?" என்று சொல்லிச் சிரித்தார். மாமியாரும் சிரித்தார்.

நான் கதவுக்குப் பின்னால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "ஏனுங்கத்தே, அந்தச் சீசாவையும் அப்பிடித்தான் பாக்கோணும்னு சொல்லுங்க. கோட்டையக் குடிக்கச் சொன்னா நான் எப்பிடிக் குடிக்கறது?" என்றேன். மாமியாரிடம்தான் சொன்னேன், ஆனால் வாசல் வரை கேட்கும்படி சொன்னேன். மாமியார் வழக்கம்போல மகன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் அவர். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று அழுதேன். அவர் சீசாவை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு வண்டி கட்டியிருந்தார். என் பேச்சை நம்பி அல்ல. துரை பங்களாவில் முப்பது வருஷம் இருந்த பட்லர் இன்னும் ஊரில்தான் இருந்தார். அவர் வாயால் நல்ல சரக்கு என்று சொல்ல வைத்து என் வாயை அடைக்கலாம் என்று.

மறுநாள் திரும்பி வந்து, என் பக்கம் பார்க்காமல், அம்மாவிடம் ஒப்பித்தார். பட்லர் முதலில் லேபிளைக் கையால் மூடிக்கொண்டாராம். கிளாஸில் விரற்கடை ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்து, ஓரத்தில் நிறம் பழுப்பேறிவிட்டது என்றாராம். முகர்ந்தாராம். வாயில் வைத்துக் கொப்புளித்துத் துப்பிவிட்டாராம். துப்பியதைப் பார்த்து இவர் பதறிப்போக, "பெரிய திராட்சைத் தோட்டத்துச் சரக்குதானுங்க. நல்லா இருந்த சரக்க நானே தொரைக்கு ஊத்தியிருக்கேன். இந்தச் சீசாவ அடுப்பங்கரைச் சூட்டுல வருஷக்கணக்கா நிக்க வெச்சுட்டாங்க. ஒயினப் படுக்க வெக்கோணுமுங்க. நிக்க வெச்சாத் தக்கை காஞ்சு காத்துப் பூந்துரும். காடியாயிருச்சு. தக்கையும் பூத்துப்போச்சு, நனைஞ்ச சாக்கு வாசம் வருது பாருங்க" என்றாராம். இவர் அப்போதும் விடாமல், கோணி ஊசியால் குத்தியதில் சாக்கு வாசம் ஏறியிருக்குமோ என்று கேட்டாராம். பட்லர் கிளாஸைக் கழுவ எழுந்து போய்விட்டாராம்.

"நனைஞ்ச சாக்கா?" என்றார் மாமியார். "அதையேதாண்டா இவளும் சொன்னா."

"எங்கிட்ட நீ சொல்லலியே! புடிக்கலன்னுதான சொன்ன?"

"சாக்குன்னா என்ன, புடிக்கலன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதான?"

அம்மாவும் மகனும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வண்டி கட்டவில்லை. மொட்டைச் சீசா மறுபடி வந்தது. வாந்தி நின்றது, கூழ் தங்கியது, பால் சுரந்தது. டாக்டருக்குப் படித்த என் பேரன், ஒயினால் ஒரு பயனும் இல்லை, வாந்தி நின்ற பிறகு ஈரலும் கீரையும்தான் வேலை செய்தன என்கிறான். இருக்கட்டும். என் மகள் என் மடியிலேயே வளர்ந்தாள்.

பிரெஞ்சுச் சரக்கை எருக்குழியில் கொட்டினார். சீசாவை எறிய மட்டும் மனம் வரவில்லை. கழுவித் துடைத்து, லேபிள் வெளியே தெரிய, முன்கட்டு அலமாரியில் வைத்தார். வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரே கதை: பிரான்ஸ் தேசத்து ஒயின் வாங்கிக் கொடுத்துத்தான் வீட்டுக்காரியைப் பிழைக்க வைத்தாராம். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது, வெறும் சீசாவுக்குப் போலீஸ் வருமோ என்று பயந்து அதில் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தார். அப்போதும் லேபிளைக் கிழிக்கவில்லை. காபித் தம்ளரோடு உள்ளும் வெளியும் நடந்துகொண்டு அந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! இப்போது பேரன் வீட்டில் பால் பாக்கெட்டின் தேதியைப் படித்துவிட்டு, முகர்ந்துகூடப் பார்க்காமல் நல்ல பாலைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். கெட்ட பாலைத் தேதியை நம்பி அடுப்பில் வைத்துத் திரிய விடுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் அப்படித்தான், தெரியாதவர்களும் அப்படித்தான் போலிருக்கிறது.

அந்த மகளுக்குப் பதினேழு வயதானபோது தம்மம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்ததும் அவர் சீசாவை எடுத்துக் காட்டி ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலை மென்றுகொண்டே முழுவதும் கேட்டார். நான் காபி வைக்கக் குனிந்தபோது, "ஏனுங் அம்மிணி, குடிச்சவங்க நீங்க. ருசி எப்பிடீங்க இருந்துச்சு?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மாமியார் காலமாகிவிட்டிருந்தார், சொல்லியனுப்ப ஆளில்லை. நிறைய ஆண்கள் இருந்தார்கள். தம்ளரை அவர் முன்னால் வைத்தேன். "நாலு நாள் குடிச்சேனுங்க. நாலு நாளும் வாந்தியுங்க. என்னையத் தேத்துனது கம்பவுண்டர் குடுத்த மொட்டைச் சீசாதானுங்க" என்றேன்.

வந்தவர் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அவ நாக்குல வெச்சுச் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். வந்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். சம்பந்தம் அன்றைக்கே முடிவானது.

அவர்கள் வண்டி தெரு முனை திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாலு பேரு முன்னால என்ற மானத்த வாங்கீட்டயே, ஏம்புள்ளே!" நான் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். திட்டி முடித்தால் போய்விடுவார் என்று பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு, "அந்த மொட்டைச் சீசா... அது எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

அதைக் கேட்க அவருக்குப் பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது. கையிலிருந்த தம்ளரைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. ஆனாலும் சொன்னேன். "மொதல்ல நாவப்பழமாட்ட நாக்கப் புடிச்சு இழுக்குமுங்க. பொறவு நெஞ்சுல கதகதன்னு எறங்கும். எறங்கிப் போன பொறவு, தூரத்துக் காட்டுல வெல்லம் காச்சற வாசம் ஒண்ணு வந்துட்டுப் போகும்."

அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டார். கன்னத்துக்குள் நாக்கு அசைவது வெளியே தெரிந்தது. "பாகு எளசா, முத்துனதா?" என்றார்.

"முத்தறதுக்கு ஒரு கொதி முன்னாலீங்க."

"அப்ப நல்ல சரக்குத்தான்" என்றார்.