இருட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி

கண்புரை அறுவை முடிந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சின்ன வயதில் நாங்கள் படம் பார்த்த திண்டுக்கல் தியேட்டரில், டார்ச் அடித்து இடம் காட்டுபவர் சவரியப்பன் மாமா. ஒரு கண்ணில் பூ விழுந்து வெள்ளையாக இருக்கும். ஒரு ஞாயிறு பார்த்த படத்தில் வந்த பேய்க்கும் அப்படியொரு கண். பாதிப் படத்தில் பீடி வாசத்தோடு அவர் முகம் பக்கத்தில் தெரிந்ததும், "பேய்!" என்று அலறினேன். தியேட்டரே சிரித்தது.

"ஏலே அப்பு, நான்தான்லே," என்றார்.

அடுத்த ஞாயிறு மேட்னிக்குப் போனபோது, அந்த இருட்டுக்குள் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நாற்காலிகளைத் தடவித் தடவி வந்து எனக்கு இடம் காட்டினார். முழங்காலில் இடித்துக்கொண்டார்.

இப்போது பேத்தி எதிரே நிற்கிறாள். "கழட்டு தாத்தா, கண்ணைப் பாக்கணும்."

"பயப்பட மாட்டியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கை மேலே போகவில்லை.