ஸ்டீராய்டு நின்ற மறுநாள்

மார்ச் 12, புதன். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் வழக்கம்போல் காலை ஏழரைக்கு என் கணவருக்கு இன்சுலின் போட்டு இட்லி கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை, பிரஷரோடு நுரையீரல் புற்றுநோயும் உண்டு. கீமோவுக்குத் தந்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றியதால் இன்சுலினைக் கூட்டியிருந்தார்கள். ஸ்டீராய்டு முந்தின நாளே முடிந்தும், நான் அதே அளவைப் போட்டேன்.

ஒன்பதரைக்குக் காபி டம்ளரை என் முகத்தில் வீசினார். "யாருடி நீ? விஷம் வெக்கிறியா?" என்று கழுத்தை நெரித்தார். நோய் மூளைக்குப் போய்விட்டதென்று நினைத்தேன்.

ஓடிவந்து அவரை இழுத்த பக்கத்து வீட்டு மேரி, "அக்கா, அண்ணன் சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. சுகர் டவுன் ஆயிடுச்சு!" என்று கத்தினாள். விரலில் குத்திப் பார்த்தோம்; எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரையை மீட்டர் நாற்பத்தொன்று என்று காட்டியது.

சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்தவர், என் கழுத்தைப் பார்த்து, "யாரு உன்னை இப்படிப் பண்ணது?" என்றார்.

மறுநாள் காலை முதலில் அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். டாக்டர் போனில் புது அளவு சொல்லும்வரை ஊசியைத் தொடவில்லை.