ஜாடி அக்காவும் ஏலக்காரரின் தாடையும்

மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரியும் அந்தப் பெண்மணியை எல்லோரும் ஜாடி அக்கா என்றே அழைத்தார்கள். கண்ணாடிக் குழாய் கழுவும் வேலையில் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்துத் தேறி, ஆய்வக நுட்பராக உயர்ந்தவர். அவருடைய மேசையின் இடது ஓரத்தில், திருகு வைத்து இறுக்கும் மூடியோடு தடித்த ஜாடி ஒன்று நிற்கும். பெரும்பாலான கிருமிகளுக்கு நம்மைப் போலவே காற்று வேண்டும். சிலவற்றுக்குக் காற்றே நஞ்சு. அத்தகையவற்றை வளர்க்க, கிருமிக்கான உணவு இட்ட தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, பிராணவாயுவை உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே ஒட்டிய நீலக் காகிதம் வெளுத்தால் காற்று தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நாள் கணக்கு முடியும்வரை மூடியை யாரும் தொடக் கூடாது. தொட்டவர்களிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்:

“தூங்குற பிள்ளையை எத்தனை தடவ எழுப்பிப் பார்ப்பீங்க?”

அவருடைய கணவர் கால்நடை மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே அவர் சொன்னார்:

“நம்ம மாட்டுச் சந்தை ஏலக்காரருக்கு வலது தாடையை எடுக்கப் போறாங்களாம். வர்ற வியாழக்கிழமை. உங்க ஆஸ்பத்திரியிலதான். இனிமே அவர் எங்க ஏலம் விடுறது?”

“என்ன கட்டி?”

“புத்துநோய்னு சந்தேகப்படுறாங்க. நேத்து போய்ப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி வீங்கியிருக்கு, அங்கங்க ஓட்டை விழுந்து சீழ் வருது. ஒரு மாடா இருந்திருந்தா இந்நேரம் எங்க டாக்டர் ஊசியைப் போட்டு அனுப்பியிருப்பார்.”

“மனுஷனைப் போய் மாடுங்கறீங்க.”

“மாட்டைக் குறைச்சுப் பேசாதம்மா. அதுக்கும் தாடையில இதே மாதிரி வரும். சீழைத் தேய்ச்சா மஞ்ச மணி நெருடும், மணல் மாதிரி.”

ஜாடி அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு தாடைச் சீழ் அவர் மேசைக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பதிவேட்டைப் புரட்டினார். அந்தச் சீழ் ஏலக்காரருடையதேதான். மாதிரி எடுத்த நேரம் ஏழு மணி. ஆய்வகத்துக்கு வந்த நேரம் ஒன்பது நாற்பது. வந்தது உலர்ந்த பஞ்சுக் குச்சி. காற்றில்லா வளர்ப்பு வேண்டும் என்று மருத்துவர் எழுதவில்லை. அதனால் அதைச் சாதாரணத் தட்டில் தடவி, இரண்டு நாள் பார்த்து, ‘கிருமி வளரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். எழுதியது உண்மை. ஆனால் காற்று ஆகாத உயிர் எதுவாவது அதில் இருந்திருந்தால், இரண்டு மணி நாற்பது நிமிடப் பயணத்தில் வழியிலேயே செத்திருக்கும். தாடைச் சீழ் குச்சியில் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை அந்தக் கட்டடத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அறுவை மருத்துவரோ ‘வளரவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு நாள் குறித்துவிட்டார்.

ஜாடி அக்கா நேரே அறுவை மருத்துவரின் அறைக்குப் போனார்.

“சார், அந்த ஏலக்காரர் ரிப்போர்ட்டை நம்பாதீங்க.”

“நீங்கதானே அக்கா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“அதனாலதான் நானே வந்தேன். அந்தக் குச்சியை நான் வாங்கியிருக்கவே கூடாது. மறுபடியும் எடுத்து ஜாடியில வைக்கணும். பதினாலு நாள் வேணும்.”

“ரெண்டு தடவ சதை எடுத்துப் பார்த்தாச்சு. வெறும் அழற்சின்னு வருது. ஊசி இடம் தப்பியிருக்கும்னுதான் நினைக்கிறேன். புத்துநோயா இருந்தா பதினாலு நாளை நான் யார்கிட்ட கடன் வாங்குறது?”

“இன்னைக்கே மைக்ராஸ்கோப்புல காட்டினா?”

“காட்டுங்க. கண்ணால பார்த்தா தள்ளி வைக்கிறேன்.”

மூன்றாவது மாடியில் ஏலக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாட்டின் வயதையும் பாலின் அளவையும் ஒரே மூச்சில் சொல்லிச் சந்தையைக் கட்டிப்போடும் மனிதருக்கு, இப்போது விரலளவுகூட வாய் திறக்கவில்லை.

“நாலு மாசம் முன்னாடி கடவாய்ப் பல்லு ஒண்ணைப் பிடுங்கினேன் அக்கா. அதுக்கப்புறம்தான் இதெல்லாம். மாட்டுக்கிட்ட இருந்து ஒட்டியிருக்குமோ?”

“மாட்டுக்கு வர்றது இதுக்குப் பங்காளி. நான் நினைக்கிறது சரியா இருந்தா, உங்களுது உங்க வாயிலேயே குடியிருந்ததுதான். பல்லு போன குழியில இறங்கிடுச்சு.”

“இத்தனை வருஷம் வாடகை இல்லாமலா இருந்துச்சு?” என்று பற்களுக்கிடையே சொன்னார் ஏலக்காரர்.

செவிலியர் பழைய கட்டைப் பிரித்து வாளியில் போடப் போனார்.

“அதைப் போடாதீங்க, எனக்குக் குடுங்க.”

“புதுசா எடுத்துத் தர்றேனே அக்கா. இது அசிங்கம்.”

“அந்த அசிங்கம்தான் எனக்கு வேணும்.”

துணியின் இழைகளில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் மூன்று ஒட்டியிருந்தன. அவற்றைக் குப்பியில் சேர்த்துக்கொண்டார். வீக்கத்தின் ஆழத்திலிருந்து சீழை ஊசிக்குழலில் இழுத்துத் தரச் செய்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, மூடியைப் பொருத்தினார். மின்தூக்கிக்குக் காத்திராமல் படிகளில் இறங்கினார். சீழைத் தட்டுகளில் தடவி ஜாடியை இறுக்கிய பிறகுதான், ஒரு மணியை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே நசுக்கிச் சாயமேற்றினார். ஊதா நிறத்தில், வேர்களைப் போலக் கிளைவிட்ட கிருமி இழைகள் தெரிந்தன.

அறுவை மருத்துவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வியாழக்கிழமையை அடித்துவிட்டு, பென்சிலின் எழுதினார். “பதினாலு நாள். அதுக்குள்ள ஜாடி பதில் சொல்லலைன்னா நான் கத்தியை எடுப்பேன்.”

நீலக் காகிதம் மறுநாள் வெளுத்தது. ஏழாம் நாள் வீக்கம் கொஞ்சம் இளகியதாகச் செவிலியர் சொன்னார். அறுவை மருத்துவர் அளந்து பார்த்து, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பத்தாம் நாள் அவரே ஆய்வகத்துக்கு வந்து ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“உள்ள ஏதோ புள்ளி மாதிரி தெரியுதே அக்கா. சும்மா ஒரு தடவ திறந்தா...”

“மூடியில இருந்து கையை எடுங்க சார்.”

அவர் கையை எடுத்தார்.

அடுத்த நான்கு இரவுகளும் ஜாடி அக்கா சரியாகத் தூங்கவில்லை. மணி இருந்தது, இழை இருந்தது. ஆயினும் வளராமல் போனால், தன் முதல் கையெழுத்தே ஒரு மனிதரின் தாடையை எடுத்துவிடும் என்பது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. “பதினாலாம் நாள் காலையில எனக்கு போன் பண்ணும்மா, எத்தனை வேலை இருந்தாலும் எடுக்கிறேன்” என்றார் கணவர்.

பதினான்காம் நாள் காலை எட்டு மணிக்கு ஜாடி அக்கா திருகைத் தளர்த்தினார். தட்டில் கரடுமுரடான வெள்ளைக் குவியல்கள், ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, ஓரங்களில் மேடிட்டு, அச்சு அசலாகக் கடவாய்ப் பல்லைப் போலவே இருந்தன. அவர் தேடிய கிருமியின் அடையாளமே அதுதான். அறுவை மருத்துவர் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

“பல்லைப் பிடுங்கினதுக்குப் பதிலா இத்தனை பல்லு முளைச்சிருக்கே அக்கா.”

அறுவைச் சிகிச்சை கைவிடப்பட்டது. பழைய பதிவின் கீழ் ஜாடி அக்கா இன்னொரு வரி எழுதினார்: ‘மாதிரி தகுதியற்றது. பெற்றுக்கொண்டவர் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.’ பெற்றுக்கொண்டவர் என்பதற்கு நேராகத் தன் பெயரை முழுமையாக எழுதிவிட்டுத்தான் கணவரை அழைத்தார்.

மாத்திரைகள் எட்டு மாதம் தொடர்ந்தன. ஒன்பதாம் மாதம் ஒரு சனிக்கிழமை, கணவர் அவரைச் சந்தைக்கு அழைத்துப் போனார். ஓர் எருமைக்கு ஏலம் நடந்துகொண்டிருந்தது; விலை ஏற்றுபவர்கள் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். மேடையில் நின்ற ஏலக்காரரின் தாடையில் இரண்டு தழும்புகள் மட்டுமே மிச்சம். வாயை அகலத் திறந்து அவர் கொட்டிய வார்த்தைகளில் ஒன்றுகூட ஜாடி அக்காவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையை உயர்த்தினார்.

ஏலம் சட்டென்று நின்றது.

“அக்கா, கையைக் கீழ இறக்குங்க,” என்றார் ஏலக்காரர். “எருமை உங்க தலையில விழுந்துடப் போகுது.”